எத்தனாவது படி வரைக்கும் வரும்?

செல்போன் அலறியபோது இரவு மணி பதினொன்றே முக்கால். வெள்ள எச்சரிக்கை. திரையில் வந்த வாசகத்தை அன்று மாலை எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதே நான்தான். ‘ஆற்றில் நீர்வரத்து வேகமாக அதிகரித்து வருவதால், தாழ்வான பகுதிகளில் வசிப்போர் தேவையான முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசல் கேட்டுக்குப் போய், எதிர்வீட்டுக்காரரின் பைக் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. தெருவில் தண்ணீர் இல்லை. சரி, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று உள்ளே வந்து போனை சார்ஜில் போட்டேன். இரண்டு பேருக்கு, ‘உங்களுக்கும் வந்ததா?’ என்று செய்தி அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பாலம் உடையும் வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். அது பழைய வீடியோ, வேறு ஊர் என்று அவருக்குப் புரியவைப்பதில் கொஞ்ச நேரம் போனது. இப்படியே நாற்பது நிமிடம். கடைசியில் என்னைக் கிளப்பியது பக்கத்து வீட்டு அக்கா. தோளில் ஒரு பை, கையில் தூக்கம் கலையாத மகன். கதவைத் தட்டி, “நாங்க கிளம்புறோம். நீங்க வரலையா?” என்றார். இரண்டே நிமிடத்தில் வீட்டைப் பூட்டிவிட்டேன்.

பேரிடர் எச்சரிக்கைகளை எழுதுவதும், வீடு வீடாகப் போய் விளக்குவதும் பல வருடங்களாக என் வேலை. ‘சொன்னால் கேட்க மாட்டேங்குறாங்க’ என்று எத்தனையோ கூட்டங்களில் நானும் சலித்துக்கொண்டவன். அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

பொது எச்சரிக்கைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டென்னிஸ் மிலெட்டி போன்ற சமூகவியலாளர்கள் இந்த நாற்பது நிமிடத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மில்லிங்’ என்பார்கள். நம் பாணியில் சொன்னால், நாலு பேரை விசாரித்துத் தெளிதல். ஆபத்து என்று காதில் விழுந்தவுடன் மனிதன் ஓடுவதில்லை. முதலில் அக்கம்பக்கம் பார்க்கிறான், இரண்டு இடத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறான், அப்புறம்தான் காலை எடுத்து வைக்கிறான். 2011 மே மாதம் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரத்தைச் சூறாவளி தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்ததும் இதுதான். சைரன் கேட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த முதல் சைரனுக்கே பதுங்கவில்லை. வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், இன்னொரு அடையாளத்துக்காகக் காத்திருந்தார்கள். அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சந்தையில் ஒரு புரளி கிளம்பினால் நம்பி ஓடாமல் விசாரிக்கிறவனைத்தானே கெட்டிக்காரன் என்கிறோம்? அதே குணம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. கெட்ட நேரம், இங்கே நேரம் இருப்பதில்லை.

ஆகவே எச்சரிக்கை எழுதுகிறவன் இந்த விசாரணை நேரத்தை ஒழிக்கப் பார்க்கக் கூடாது, சுருக்கப் பார்க்க வேண்டும். ஒரே செய்தி ஒரே நேரத்தில் செல்போனில், ஒலிபெருக்கியில், தெரிந்த ஒருவர் வாயில் என மூன்று வழியாக வந்தால், விசாரிக்கும் வேலையைப் பாதி நாமே முடித்துக் கொடுத்த மாதிரி. மூன்றும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். போனில் ‘வெளியேறவும்’ என்றும் ஒலிபெருக்கியில் ‘தயார் நிலையில் இருக்கவும்’ என்றும் வந்தால், ஜனங்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் வாசகத்துக்கே திரும்பி வருகிறேன். ‘தாழ்வான பகுதி.’ யார் வீடு தாழ்வான பகுதி? நான் கேட்டவரையில் தன் வீடு தாழ்வான பகுதியில் இருப்பதாக ஒருவர்கூடச் சொன்னதில்லை. எப்போதும் அடுத்த தெருதான் பள்ளம். ‘தேவையான முன்னெச்சரிக்கை நடவடிக்கை.’ எது தேவை? அதைச் சொல்லத்தானே நமக்குச் சம்பளம்? யோசித்துப் பார்த்தால், அந்த வாக்கியம் ஆற்றங்கரையில் இருப்பவருக்காக எழுதப்பட்டதே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால், ‘நாங்கள்தான் முன்பே சொன்னோமே’ என்று கோப்பில் காட்டுவதற்காக எழுதப்பட்டது. கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்கிறோமே, யாரால்? அதுகூட அதில் இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குத் துண்டறிக்கை கொடுக்கப் போனோம். வண்ண வரைபடம், அதன் மேல் நீல நிறப் பட்டை, ‘நூறாண்டு வெள்ளப் பகுதி’ என்று கொட்டை எழுத்து. ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, “அப்ப நல்லதுதான் தம்பி. போன தடவைதான் வந்துடுச்சே. இனி என் பேரன் காலத்துக்குக்கூட வராது” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் பயமுறுத்தப் போனோம், அவர் நிம்மதியாகிவிட்டார்.

அவர் மீது தப்பே இல்லை. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்ற சொல்லை யார் கேட்டாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். நிபுணர்கள் சொல்ல வருவது வேறு: ஒவ்வொரு வருடமும் அந்த அளவு வெள்ளம் வர 100-ல் 1 வாய்ப்பு. போன வருடம் வந்ததா இல்லையா என்பது தண்ணீருக்கு ஞாபகம் இருக்காது. அந்த 1 சதவீதத்தையே வேறு விதமாகவும் சொல்லலாம். ஒரு வீட்டில் 30 வருடம் குடியிருந்தால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அப்படி வெள்ளம் வர ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு. அதாவது நாலில் ஒன்று. கணக்கு ஒன்றுதான். ஆனால் ‘100-ல் 1’ என்றால் தோளைக் குலுக்குகிறவர், ‘இந்த வீட்டில் நீங்கள் இருக்கப்போகும் காலத்துக்குள் நாலில் ஒன்று’ என்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். கண்ணால் பார்த்திருக்கிறேன். சதவீதம் சொல்லும்போதெல்லாம் ‘எதில்?’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு’ என்பதை ஜனங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கெர்ட் கிகெரென்சரும் சகாக்களும் ஐந்து பெருநகரங்களில் கேட்டு, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். 30 சதவீத நேரம் மழை பெய்யும் என்றார்கள் சிலர். ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றார்கள் சிலர். நாளை மாதிரியான பத்து நாளில் மூன்று நாள் மழை பெய்யும் என்பதுதான் அதன் பொருள். தினமும் காதில் விழும் மழைக் கணக்கே இந்தக் கதி என்றால், வெள்ளக் கணக்கைப் பற்றி என்ன சொல்ல?

அதே தெருவில்தான் அந்தப் பாட்டியையும் சந்தித்தேன். துண்டறிக்கையை வாங்கவே இல்லை. “எனக்கு எழுத்து தெரியாதுப்பா. நீயே சொல்லு. தண்ணி என் வீட்டு எத்தனாவது படி வரைக்கும் வரும்?”

வாசலில் ஐந்து படிகள். இரண்டாவது படியின் ஓரம் உடைந்து செங்கல் தெரிந்தது. நான் கையில் வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன், படியைப் பார்த்தேன், மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று அதில் இருந்தது. படியைப் பற்றி ஒன்றும் இல்லை. “கேட்டுச் சொல்றேன் பாட்டி” என்று நழுவினேன். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு அடுத்த மழைக்காலம் வரை ஆனது.

நிலமட்டம் அளக்கிறவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், தெருமுனை மின்கம்பங்களிலும், சம்மதித்தவர்களின் வாசல் படிகளிலும் பெயிண்டால் கோடு போட்டோம். ஆற்றுப் பாலத்தில் இருக்கும் அளவுகோல் இந்த எண்ணைத் தொட்டால், தண்ணீர் இந்தக் கோட்டைத் தொடும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதுவரை ‘பாலத்தில் 6 மீட்டர்’ என்று நாங்கள் தொண்டை கிழியச் சொன்னது யாருக்கும் எதுவாகவும் ஆகவில்லை. கோடு போட்ட பிறகு, “அப்ப எங்க மோட்டார் முழுகிடுமே” என்று ஒருவர் சொன்னார். அந்த வாக்கியம் கேட்டபோதுதான் எங்கள் வேலை தொடங்கியிருக்கிறது என்று பட்டது.

கோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. அதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே தரை உள்ள வீட்டுக்காரர், தான் முழுக்கத் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். போன வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே நிற்கிறதோ அதுதான் உச்சம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2016-இல் ஒரு பெரிய வெள்ளம் வந்தது. 2021 ஜூலையில் எச்சரிக்கை வந்தபோது, பலர் அந்த 2016 அளவை மனதில் வைத்துக்கொண்டுதான் சாமான்களை ஏற்றி வைத்தார்கள். தண்ணீர் அதையும் தாண்டிப் பல மீட்டர் மேலே வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்று ஜப்பானின் கமாய்ஷி நகரத்தில் நடந்தது. தொஷிதாகா கத்தாதா என்ற பேராசிரியர் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுனாமிப் பாடம் எடுத்துவந்தார். அவர் சொல்லிக்கொடுத்த முதல் விதியே, வரைபடத்தை நம்பாதே என்பதுதான். 2011 மார்ச் 11 அன்று உனொசுமாய் பகுதிப் பள்ளிக்கூடம் ஆபத்து வரைபடத்தில் சுனாமி எல்லைக்கு வெளியே இருந்தது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓட, அதைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓட, போய்ச் சேர்ந்த இடமும் போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். விட்டுவந்த பள்ளிக்கூடத்தைத் தண்ணீர் மூழ்கடித்தது. நகரத்தின் கிட்டத்தட்ட 3,000 மாணவர்கள் பிழைத்தார்கள். இதைப் படித்த பிறகு எங்கள் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஓர் அம்புக்குறி போட்டு, ‘இதற்கு மேலும் வரலாம்’ என்று எழுதினோம். அசிங்கமாக இருக்கிறது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அழித்துவிட்டார்கள். போகட்டும், மின்கம்பத்தில் இருக்கிறது.

எண்ணைச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்பதில் எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. துல்லியமாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது ஒரு கட்சி. நானும் அதில்தான் இருந்தேன். 1997-இல் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்துக்கு, ஆறு 49 அடி வரை ஏறும் என்று சொல்லப்பட்டது. ஊரே திரண்டு அதைவிடச் சில அடி கூடுதலாக மணல் மூட்டைகளை அடுக்கியது. ஆறு 54 அடியைத் தாண்டியது. 49 என்பது ஒரு மதிப்பீடு, சில அடி கூடவோ குறையவோ ஆகலாம் என்ற பேச்சு ஜனங்கள் காதுக்குப் போகவில்லை. போயிருந்தால் இன்னும் உயர்த்தியிருப்பார்கள், அல்லது சீக்கிரமே கிளம்பியிருப்பார்கள். ஒற்றை எண் ஒரு வாக்குறுதி மாதிரி போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஜப்பானிலும் இதே பாடம், இன்னும் கொடூரமாக. 2011-இல் நிலம் அதிர்ந்த 3 நிமிடத்திலேயே சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் அந்த முதல் கணக்கு இவாத்தே மாநிலத்துக்கு 3 மீட்டர் உயர அலை என்றது. அதைவிட உயரமான தடுப்புச் சுவர் இருந்த ஊர்களில், சுவர் காப்பாற்றும் என்று சிலர் நின்றுவிட்டார்கள். பின்னால் எண்ணை உயர்த்திச் சொன்னபோது பல இடங்களில் மின்சாரமே இல்லை. 2013-இலிருந்து அந்நாட்டு வானிலைத் துறை, மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் எண்ணே சொல்வதில்லை. ‘பிரம்மாண்டம்’ என்ற பொருள்படும் ஒரு சொல்லைத்தான் சொல்கிறது. எண் அப்புறம் வரும். விஞ்ஞானிகள் தெரிந்தே துல்லியத்தை விட்டுக்கொடுத்தது எனக்கு முதலில் உறுத்தியது. இப்போது அதுதான் நேர்மை என்று தோன்றுகிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டும் எண்ணைவிட, தெரிந்தவரை சொல்லும் சொல் மேல்.

அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்வதும் ஆபத்து. இத்தாலியின் லாக்விலாவில் 2009-இல் மாதக்கணக்கில் சின்னச் சின்ன அதிர்வுகள். அங்கே பழக்கம் என்னவென்றால், நிலம் ஆடினால் குடும்பத்தோடு வெளியே போய்ப் படுத்துக்கொள்வார்கள். அந்த வாரம் ஓர் அதிகாரி, சின்ன அதிர்வுகளால் உள்ளே இருக்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது, நல்லதுதான் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவு நிலநடுக்கம் வந்து 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆறுதலை நம்பி வீட்டுக்குள்ளேயே படுத்தோம் என்று உறவுகளை இழந்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியாது, அதற்காக யாரையும் குறை சொல்லவும் முடியாது. ஜனங்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுவைத்திருந்த ஒரு நல்ல பழக்கத்தை ஒரு பேட்டி கலைத்துப்போட்டது என்பதுதான் எனக்கு அதில் வலிக்கிற இடம். ஜனங்கள் பீதி அடைந்து ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஓடுவார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு. பேரிடர் சமூகவியலில் முன்னோடியான என்ரிகோ குவாரண்டெல்லி பல பத்தாண்டு ஆராய்ந்து சொன்னது, அப்படிப்பட்ட பீதி மிக அரிது என்றுதான். நான் பார்த்த வெள்ளங்களிலும் ஓடியவர்களைவிட, பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களே அதிகம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் வந்தபோது எச்சரிக்கையில் குறை இல்லை. ‘ஸ்டார்ம் சர்ஜ்’ வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல், வீட்டுக் கூரை வரை ஊருக்குள் வரும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். 6,300 பேர் இறந்த புயல் அது. இன்னொரு பக்கம், இந்தோனேசியாவின் சிமெலுயே தீவில் ‘ஸ்மாங்’ என்று ஒற்றைச் சொல் உண்டு. 1907-இல் வந்த கடல் பேரலைக்குப் பிறகு பாட்டிலும் கதையிலும் தங்கிவிட்ட சொல். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பது முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். சைரன் கிடையாது, செல்போன் கிடையாது. நாங்கள் பத்து மொழிபெயர்ப்புக் கலைச்சொற்களை உருவாக்கி வைத்திருக்கிறோம். ஒன்றுகூட யாருடைய வாயிலும் நுழையவில்லை.

பயமுறுத்துவது பற்றி எனக்கு ஒரு கெட்ட அனுபவம் உண்டு. ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூட்டம். சும்மா சொன்னால் ஏறாது என்று வெள்ளத்தில் இறந்தவர்களின் படங்களைத் திரையில் போட்டேன். நாலாவது படத்தில் முன்வரிசைப் பெண்மணி ஒருவர் எழுந்து, குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. செல்போனைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒருவர் வந்து, “விதி வந்தா எங்க போனாலும் போகத்தான் வேணும் சார்” என்றார். அரை மணி நேரம் பேசி நான் சாதித்தது அதுதான். அவர்களை விதியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

கிம் விட் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1992-இல் முன்வைத்த கோட்பாட்டைப் பிற்பாடு படித்தபோது, அந்த அரங்கம் அப்படியே கண்முன் வந்தது. பயத்தோடு கூடவே ‘இதைச் செய்தால் தப்பிக்கலாம், அது என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையும் கிடைத்தால் மனிதன் ஆபத்தைச் சமாளிக்கப் பார்க்கிறான். அந்த நம்பிக்கை கிடைக்காவிட்டால் பயத்தைச் சமாளிக்கப் பார்க்கிறான்: கண்ணை மூடிக்கொள்வான், கிண்டலடிப்பான், விதி என்பான். என் படங்களில் ஆபத்து நிறைய இருந்தது, வாசல் ஒன்றுகூட இல்லை. இப்போது ஒரே ஒரு படம்தான் போடுகிறேன், அவர்கள் தெருவே தண்ணீரில் நிற்கும் பழைய படம். உடனே, மேட்டுக்குப் போகும் பாதையை ஆளுக்கொரு பக்கமாக நடந்து நேரம் பார்க்கச் சொல்கிறேன். ‘நாங்க பதினொரு நிமிஷம்’ என்று ஒரு சிறுவன் மூச்சிரைக்க வந்து சொல்வது என் அரை மணி நேரப் பேச்சைவிட அதிக வேலை செய்கிறது.

இதையெல்லாம் உளவியல், உளவியல் என்று பேசும்போது எனக்கே ஒரு கூச்சம் வருவதுண்டு. ஒரு வீட்டில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், நான் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டார். ஆபத்து தெரியும், நேரம் தெரியும், முகாம் தெரியும். “அப்பா படுத்த படுக்கை. ரெண்டு ஆள் வந்து தூக்கினா இப்பவே வரேன்” என்றார். அவரைப் பற்றிய எங்கள் பட்டியலில் ‘வெளியேற மறுத்தவர்’ என்று எழுதியிருந்தது. வங்கதேசத்தில் 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். புகலிடத்தில் பெண்களுக்கு மறைவான இடமில்லாததும், வீட்டு ஆண் வந்து சொல்லாமல் கிளம்பத் தயங்கியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1972-இலிருந்தே அங்கே தொண்டர்கள் கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். இப்போது அவர்களில் பாதிப் பேர் பெண்கள். 1970-இல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்ற கடற்கரையில், 2007-இன் சிதர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். மறுத்தவர் என்று எழுதும் முன் ‘ஏன்?’ என்று ஒரு கட்டம் எங்கள் படிவத்திலும் இப்போது உண்டு. அதில் வந்து விழும் பதில்கள் பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டவை இல்லை. சக்கர நாற்காலி, நாய், ஆடு, திருட்டுப் பயம், வேலைக்குப் போன பையன் இன்னும் வரவில்லை.

பொய்யாகிப் போன எச்சரிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நாங்கள் எல்லோரையும் கிளப்பிவிட்டோம், தண்ணீர் வரவில்லை. மேலே பெய்த மழை பக்கத்து ஆற்றுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை பாய் தலையணையோடு திரும்பிப் போனவர்களிடம் நாங்கள் யாரும் முகம் காட்டவில்லை. வெட்கம். அடுத்த எச்சரிக்கைக்கு அந்தத் தெருவில் பாதிக் கதவுகள் திறக்கவில்லை. ஜனங்கள் கோபப்பட்டது வெள்ளம் வராததற்கு அல்ல, வராதபின் ஒருவரும் வந்து பேசாததற்கு. இரண்டாம் முறையும் அப்படி ஆனபோது, காலையிலேயே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மழை எங்கே பெய்தது, எங்கே பெய்யும் என்று நினைத்தோம், ராத்திரி எத்தனை மணிக்கு எங்களுக்கு அது தெரிந்தது என்று சொன்னோம். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், “வராம போனா நல்லதுதானேய்யா” என்றார். அதற்கடுத்த முறை கதவுகள் திறந்தன.

இப்போது நாங்கள் அனுப்பும் செய்தி இப்படி இருக்கிறது. ‘இன்று இரவு 2 மணிக்குள் ஆற்றுத் தண்ணீர் கீழத்தெருவுக்குள் ஆரஞ்சுக் கோடு வரை வரும், அதற்கு மேலும் வரலாம். இப்போதே பள்ளிக்கூட மாடிக்குக் கிளம்புங்கள். 12 மணிக்கு மேல் பாலத்தைக் கடக்க முடியாமல் போகலாம். மாத்திரை, அடையாள அட்டை, சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். அடுத்த தகவல் 11 மணிக்கு.’ யார் சொல்கிறார்கள் என்பது முதல் வரியிலேயே இருக்கும். கதவைத் தட்டச் சொல்லும் வரி, என் வீட்டுக் கதவு தட்டப்பட்ட இரவுக்குப் பிறகு சேர்ந்தது. மேலதிகாரி அதை வெட்டப் பார்த்தார், அரசாங்கச் செய்தி மாதிரி இல்லை என்று. விடவில்லை.

போன மழைக்காலத்தில் இந்தச் செய்தி போன பத்தாவது நிமிடம் அந்தப் பாட்டியிடமிருந்து போன். பேத்தி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

“எத்தனாவது படி?”

“நாலாவது, பாட்டி. தாண்டினாலும் தாண்டும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, அப்ப என் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல வைக்க ரெண்டு பசங்கள அனுப்பு. அதை வெச்சாத்தான் நான் கிளம்புவேன்” என்றார். இரண்டு தொண்டர்களை அனுப்பினோம். நாலு நிமிட வேலை. அன்றிரவு அதே மாதிரி இன்னும் ஏழு பேர் கேட்டார்கள், பெட்டி, தையல் மெஷின், பிரிட்ஜ். பதினொரு மணிச் செய்தியில், கனமான சாமானைத் தூக்கி வைக்க ஆள் வேண்டுமென்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்ற வரியும் இருந்தது.